வீட்டுக்குள் ஒரு பொட்டல்

தங்கப்பழத்தின் வீடு உள்ளுக்குள் வளரத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்தில். வெளியே நின்று பார்த்தால் அது கொம்மடிவிளை நடுத்தெருவில் எப்போதும் இருந்த அளவிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் நெருக்க, பச்சைக் கதவும் ஒற்றை ஜன்னலுமாக, தெருவோடு தெருவாக ஒரு வீடு. உள்ளே மட்டும், முன்கூடத்துக்கும் கடைசி அறைக்கும் நடுவிலிருந்த தரை, முதலில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கும், பிறகு ஒரு மாட்டுவண்டியை நிறுத்துகிற அளவுக்கும், பிறகு கூப்பிட்டால் குரல் போய்ச் சேராத அளவுக்கும் நீண்டுகொண்டே போனது. சிமெண்டுத் தரை நீண்டு நீண்டு ஓரிடத்தில் செம்மண் ஆனது. ஓட்டுக்கூரை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது அங்கே வெயில் அடித்தது, மழை பெய்தது, காக்கை பறந்தது. அந்தப் பொட்டலின் கடைசியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அறையில், தங்கப்பழத்தின் மனைவி பிரம்மசக்தி இருந்தாள்.

அவள் கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், எதையும் மறைக்கத் தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில், சைக்கிள் கடை வைத்திருந்த தங்கப்பழத்தைவிட அவனுடைய அக்கா செல்லக்கனிக்குத்தான் அவளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. செல்லக்கனி சின்ன வயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். வயிறு வீங்கிச் செத்துப்போன அம்மாவுக்குப் பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவளும் பிரம்மசக்தியும் மத்தியான நேரங்களில் அடுக்களையில் உட்கார்ந்து, ஒரே கும்பாவில் பழையதைப் பிழிந்து போட்டு, சுட்ட கருவாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்பார்கள். இவள் வாயிலிருப்பதை அவள் பிடுங்கித் தின்கிறாள் என்று தங்கப்பழம் கேலி செய்வான்.

பிரம்மசக்தி மாசமானாள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் எடுப்பது போல அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, வயதில் அவளை ஒத்த டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அவள் ரத்தத்தில் மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது, பி வகை, அது வருஷக்கணக்காக உடம்பில் தங்கிவிடும் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே டாக்டர். நல்லாத்தான இருக்கேன்."

"நல்லாத்தான் இருப்பீங்க. ரொம்பப் பேருக்கு வெளியில தெரியவே தெரியாது. ஈரலை அப்பப்பப் பாத்துக்கிட்டு, சொல்லுற மாத்திரையைச் சாப்பிட்டா இன்னும் நெடுநாள் நல்லா இருக்கலாம். பிள்ளை பிறந்த உடனே ஊசி போட்டுருவோம், பிள்ளைக்கு வராது."

"வீட்டுல மத்தவங்களுக்கு?"

"கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாது. தொட்டா ஒட்டாது. ரத்தத்துலயும் தாம்பத்தியத்துலயும்தான் ஒட்டும், அதுக்கும் தடுப்பூசி இருக்கு. வீட்டுக்காரரை மட்டும் ஒருநாள் டெஸ்டுக்கு வரச் சொல்லுங்க."

பிரம்மசக்தி பஸ்ஸில் வரும்போதே அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள், வீட்டில் ஒரு வார்த்தை பிசகாமல் சொல்ல வேண்டும் என்று. அப்படியே சொல்லவும் செய்தாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கனியின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. குழம்புக் கரண்டியின் காம்பால் பிரம்மசக்தியின் தட்டை மெல்ல, யாருக்கும் நோகக் கூடாது என்பது போல, கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

தட்டு கொஞ்சம்தான் நகர்ந்தது. ஆனால் பிரம்மசக்தி எழுந்து கை கழுவிவிட்டுத் திரும்பியபோது, உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போக முன்னைவிட நாலு எட்டு அதிகமாக வைக்க வேண்டியிருந்தது.

செல்லக்கனி கெட்டவள் இல்லை. பயந்தவள். மஞ்சள்காமாலை என்றதும் அவளுக்கு அம்மாவின் வயிறும், மஞ்சளாய்ப் போன கண்ணும், கடைசியில் வாயில் வந்த ரத்தமும்தான் ஞாபகம் வந்தன. மறுநாள் பிரம்மசக்திக்குத் தனித் தட்டு வந்தது. அதற்கடுத்து தனிச் செம்பு, தனிப் பாய், தனிச் சோப்பு, துணி காயப்போடத் தனிக் கொடி. ஒவ்வொன்றும் தனியாகத் தனியாக வீடு வளர்ந்தது. கடைசி அறையைப் பெருக்கிக் கொடுத்து, "பிள்ளை பெறுற வரைக்கும் இங்கன இரு புள்ள, உனக்கும் ஓய்வா இருக்கும்" என்றாள் செல்லக்கனி. பிரம்மசக்தி தலையாட்டினாள்.

தங்கப்பழம் ஒருநாள் தனியாக டவுனுக்குப் போய் டெஸ்ட் எடுத்து வந்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான். அதற்குப் பிறகு அவனும் முன்கூடத்திலேயே படுத்துக்கொண்டான்.

ஒரு வீடு உள்ளுக்குள் இவ்வளவு நீண்ட பிறகு சேதி தெருவுக்குப் போகாமல் இருக்குமா. போனது. வளைகாப்புக்கு வந்த பெண்கள் வாசலிலேயே செருப்போடு நின்றார்கள். ஒருத்தியும் அவள் கையைப் பிடித்து வளையல் போடவில்லை. தாம்பாளத்தில் வளையலை வைத்து, தாம்பாளத்தைத் தரையில் வைத்து, "நீயே போட்டுக்கோ தாயி, சின்ன வளையலு, உன் கை உனக்குத்தான் தெரியும்" என்று பின்வாங்கினார்கள். அவர்கள் ஒவ்வோர் அடி பின்வாங்கவும் தரை ஒரு முழம் நீண்டது. பிரம்மசக்தி கடைசி அறையின் வாசற்படியில் உட்கார்ந்து, தன் கைக்குத் தானே சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு வளையலாக ஏற்றினாள். பாட்டுப் பாட ஆள் இல்லாததால் அவளே கொஞ்சம் பாடினாள். முன்கூடத்துக்கு அது கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்த உடனே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பால் கொடுக்கலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா பிரம்மசக்தியிடமும் சொன்னாள், செல்லக்கனியிடமும் சொன்னாள். அங்கே இருந்த நாளெல்லாம் பிரம்மசக்தி பால் கொடுத்தாள். வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றதும் செல்லக்கனி கையை நீட்டினாள். பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கத்தான் கேட்கிறாள் என்று பிரம்மசக்தி கொடுத்தாள். செல்லக்கனி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"நீ உன் அறைக்குப் போ புள்ள. நான் பாத்துக்கிடுதேன்."

"மதினி, பால் குடிக்கிற பிள்ளை. குடுக்கலாம்னு டாக்டர் சொன்னாவல்லா, நீங்களும் கேட்டியளே."

"டாக்டர் சொல்லுவாவ. அவிய வீட்டுப் பிள்ளையா இது?"

பிரம்மசக்தி புருஷனைப் பார்த்தாள். தங்கப்பழம் ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான், நேராகப் போகிற தெருவுக்கு. அவள் வீட்டுக்குள் நடந்தாள். அன்றைக்கு வீடு வளர்ந்ததுதான் வளர்ச்சி. அவள் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது புறங்கழுத்தில் வெயில் சுட்டிருந்தது. திரும்பிப் பார்த்தபோது முன்கூடம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. பிள்ளை அழுவது முதலில் கேட்டது, பிறகு காற்று அடிக்கும்போது மட்டும் கேட்டது, பிறகு அவளுக்கு மார்பு கனத்து ரவிக்கை நனையும்போது பிள்ளை அழுகிறது என்று தெரிந்துகொண்டாள். பிள்ளைக்குச் சுடர்க்கொடி என்று பேர் வைத்ததையும் யாரோ கத்திச் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதலில் வந்து பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து முன்கூடத்தின் விளிம்பில் நின்று, நெற்றிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் இரண்டு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார். கொம்மடிவிளையில் கையகல நிலம் கூட மிச்சமில்லை. மிளகாய் வற்றல் காயப்போட ரோட்டைத்தான் நம்ப வேண்டும், கல்யாணத்துக்குப் பந்தல் போடத் தெருவைத்தான் அடைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊருக்கு நடுவில், கேட்பாரில்லாமல் ஒரு பொட்டல். வற்றல் காயப்போட்டார்கள். இளவட்டங்கள் வலை கட்டி வாலிபால் ஆடினார்கள். ஆட வந்தவர்களுக்காகப் பொன்னுலிங்கம் ஒரு டீக்கடை போட்டான். கடை வந்த பிறகு கடையைச் சுற்றி நாலு வீடு வந்தது, நாலு நாற்பதானது, ஒரு பிள்ளையார் வந்தார், பஞ்சாயத்தார் வந்து டியூப் லைட் மாட்டினார்கள். எல்லோரும் தங்கப்பழத்தின் பச்சைக் கதவைத் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்கூடத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும் செல்லக்கனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தங்கள் வீடுகளுக்குப் போனார்கள்.

நிலம் ஏன் நீள்கிறது என்று அவர்கள் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். யாராவது பிரம்மசக்தியைக் கண்டு கூசி விலகினால் நீளும். கூசாவிட்டால் நீளாது. ஆகவே புதிதாக யாராவது அஸ்திவாரம் தோண்டும்போது, இடம் போதவில்லை என்றால், அவள் அறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"யக்கா, செத்த இப்பிடி வந்து நில்லுங்க."

அவள் வருவாள். வீடு கட்டுகிறவர் ஒரு தம்ளரில் தண்ணீரை நீட்டுவார். அவள் வாங்கக் கை நீட்டும்போது வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். தரை நீளும். "போதும்க்கா, ரொம்ப சந்தோசம்" என்பார். பிரம்மசக்திக்கு இது எதற்கு என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போனாள். கூப்பிடுவதற்கு வேறு யாரும் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரில் ஒரு மனுஷ முகம் இருந்தது, அந்த முகத்திடம் "பிள்ளை பள்ளிக்கூடம் போறாளா, பாத்தியளா, உயரமா இருக்காளா" என்று கேட்க முடிந்தது. சிலர் பதில் சொன்னார்கள். "நல்ல உயரம்க்கா, ரெட்டைச் சடை போட்டிருக்கா." அதை வைத்துக்கொண்டு அவள் அடுத்த அஸ்திவாரம் வரைக்கும் காலம் தள்ளினாள்.

கூசாமல் வந்தவள் ஒருத்திதான், நர்ஸ் எஸ்தர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பச்சைக் கதவுக்குள் நுழைந்து, டீக்கடையையும் பிள்ளையாரையும் தாண்டி நேராக அறைக்கு வந்து, பிரம்மசக்தியின் கையைத் தன் மடியில் வைத்து ரத்தம் எடுத்து, அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போவாள். அவள் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் நிலம் சுருங்கும். ஒரு தடவை பொன்னுலிங்கத்தின் டீக்கடை நாற்பது முழம் நகர்ந்து வாலிபால் வலையில் போய் மாட்டிக்கொண்டது. அவன் எஸ்தரை வழிமறித்தான்.

"சிஸ்டர், உங்க வேலையை நான் தப்பு சொல்லல. ரத்தத்தை எடுங்க. காப்பிதான் வேண்டாம்."

"ஏன், காப்பியில என்ன இருக்கு?"

"காப்பியில ஒண்ணும் இல்ல. நீங்க குடிச்சா எங்களுக்கு இடம் போவுது. பிள்ளைகுட்டிக்காரன் சிஸ்டர்."

எஸ்தர் அதற்குப் பிறகும் குடித்தாள். மனுப் போட்டு அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புதிதாக வந்த நர்ஸ் டீக்கடை வரைக்கும் வந்து ஊசியையும் குழாயையும் வைத்துவிட்டு, "நீங்களே எடுத்துக்கிட முடியுமா" என்று கேட்டாள்.

மாத்திரையைத் தங்கப்பழம் கொண்டுவந்தான். மாதம் தவறாமல் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வாங்கி, சைக்கிளை மிதித்துக்கொண்டு பொட்டலைக் கடந்து, அறைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்ற உடைமரத்தடியில் வைத்துவிட்டு, பத்து எட்டு பின்னால் போய் நிற்பான். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் அப்படியே நின்று பேசுவார்கள். பிள்ளைக்குப் பல் விழுந்தது, பிள்ளைக்குக் காது குத்தியது, கடையில் இப்போது பைக்குக்கும் பஞ்சர் ஒட்டுவது. அவன் பேசப் பேச அழுவான். பக்கத்தில் வா என்று அவள் கேட்டதில்லை. பயப்படுகிறவனை என்ன கேட்பது என்று இருந்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் போன பிறகு மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் அவன் கைச்சூடு இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். உடைமரத்து நிழலில் அது எப்போதோ ஆறியிருக்கும்.

சுடர்க்கொடி ஒரே ஒரு தடவை வந்தாள். பள்ளிக்கூடத்தில் யாரோ "உங்கம்மா எங்க" என்று கேட்டிருக்கிறார்கள். யூனிபாரத்தோடு டீக்கடை வரைக்கும் நடந்து வந்துவிட்டாள். பொன்னுலிங்கம் அவளுக்கு ஒரு பன் கொடுத்து, "அதுக்கு மேல போவக் கூடாது பாப்பா. நீ போய்த் தொட்டேன்னா நாங்க எல்லாரும் எங்க போவோம்" என்று திருப்பி அனுப்பினான். பிரம்மசக்தி அறை வாசலில் நின்று சேலைத் தலைப்பை வீசிக்கொண்டிருந்தாள். பிள்ளை பன்னைக் கடித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்துப் போனாள். கை ஆட்டினாளா, தூசிக்கு முகத்தைத் துடைத்தாளா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. கை ஆட்டினாள் என்றே பிரம்மசக்தி வைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மாதம் தங்கப்பழம் இளைத்துப் போய் வந்தான். அடுத்த மாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். கால் வீங்கியிருந்தது. "வெயிலு" என்றான். அதற்கடுத்த மாதம் வரவில்லை. மாத்திரையைப் பொன்னுலிங்கம் கொண்டுவந்து எறிந்துவிட்டுப் போனான். "அவியளுக்கு என்ன" என்று அவள் கத்திக் கேட்டது அவன் காதில் விழவில்லை.

பிறகு ஒரு காலையில், முன்கூடத்திலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து பிள்ளையார் கோயிலுக்கும், அங்கிருந்து கடைசி வீட்டுக்கும், ஆளிலிருந்து ஆளாகச் சேதி வந்தது. கடைசி வீட்டுப் பெண் இடுப்பில் குடத்தோடு நின்று கத்தினாள்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு போயிட்டாராம்."

பிரம்மசக்தி அடுப்பில் வைத்திருந்ததை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். செருப்புப் போடாமல் நடந்தாள்.

அவள் வருவதைக் கண்டதும் கடைசி வீட்டுக்காரர்கள் பின்வாங்கினார்கள். தரை நீண்டது. பிள்ளையார் கோயில் பக்கம் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். நீண்டது. அவர்களுக்கு அவள்மீது கோபம் ஒன்றும் இல்லை. பாவம் புருஷனைப் பார்க்கப் போகிறாள் என்று உச்சுக்கொட்டிக்கொண்டேதான் விலகினார்கள். ஒருத்தர் விலகினால் ஒரு முழம், பத்துப் பேர் விலகினால் பத்து முழம், தெருவே விலகினால் ஒரு தெரு. அவள் நடக்க நடக்க வழி கூடியது. முன்கூடம் முன்பு தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. இப்போது மிளகு அளவுக்கு ஆனது. உச்சி வெயில் ஏறியது. உள்ளங்கால் பொத்துப் போனது. பறைச் சத்தம் கேட்டதும் ஓடினாள். ஓடியதைக் கண்டு எல்லோரும் இன்னும் வேகமாகப் பின்வாங்கி ஓடினார்கள். பறைச் சத்தம் தேய்ந்து, இல்லாமல் போனது. அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். நடந்தால் தூரம் கூடுகிறது, நடக்காவிட்டால் போய்ச் சேர முடியாது. பொட்டலின் நடுவில் உட்கார்ந்து, அவன் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். பத்து எட்டுத் தள்ளி நின்ற முகம்தான் வந்தது.

அப்போதுதான் கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒருத்தி வந்தாள். அவிழ்ந்த கூந்தலும் மண் அப்பிய சேலையுமாக, செல்லக்கனி. இத்தனை வருஷத்தில் அவள் முன்கூடத்துத் தரையைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. கையில் சுடர்க்கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பொன்னுலிங்கம் குறுக்கே வந்தான்.

"யக்கா, கொஞ்சம் யோசிங்க. இங்க நாப்பது குடும்பம் இருக்கு."

"தள்ளுல" என்றாள் செல்லக்கனி.

அவள் பிரம்மசக்திக்கு முன்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மூச்சு அடங்கக் காத்திராமல் பேசினாள்.

"அவனுக்கும் அதேதான் புள்ள."

பிரம்மசக்திக்கு முதலில் விளங்கவில்லை.

"ஈரல் கெட்டுப் போச்சுன்னு டாக்டர் சொன்னாவ. அதே கிருமிதானாம். ரொம்ப வருசமா இருக்காம். உனக்கு டெஸ்ட் எடுத்த உடனே அவனும் எடுத்தான்லா, அப்பவே இருந்திருக்கு. அப்பவே தெரியும் அவனுக்கு. நேத்துதான் எங்கிட்டச் சொன்னான். அக்கா, எனக்கும் தனித்தட்டு வச்சிருவியோன்னு பயந்துட்டேன்க்கா, அப்படின்னான்." செல்லக்கனி வாயில் சேலையை அடைத்துக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "எங்க அம்மாவுக்கு இருந்திருக்கும், அவகிட்ட இருந்து வந்திருக்கும்னு சொல்லுதாவ. எனக்கும் ரத்தம் எடுக்கணுமாம். அவனுக்கு நான் இந்தக் கையால கஞ்சி ஊட்டினேன் புள்ள. அவன் வாந்தியைத் துடைச்சேன். வீடு ஒரு விரக்கடைகூட நீளல. கண்ணால பாத்தேன்."

பிரம்மசக்தி உடைமரத்தடியில் ஒவ்வொரு மாதமும் மாத்திரையை வைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றவனை நினைத்தாள். தன்னைக் கண்டு பயப்படுகிறான் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். வரிசையில் நின்று வாங்கியது அவன். பையில் வைத்துக்கொண்டு வந்தது அவன். அதே மாத்திரைதான் அவனுக்கும் வேண்டியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்றாள். "என் மாத்திரையை ஆளுக்குப் பாதியாச் சாப்பிடச் சொல்லியிருக்க மாட்டேன் மதினி. அவியளுக்குன்னு தனியாக் கேட்டா ஆஸ்பத்திரியில குடுத்திருப்பாவ. சும்மாதான் குடுக்காவ. இருந்திருப்பாவளே. நான் இருக்கேனே. நான் நல்லாத்தான இருக்கேன்."

அவள் அழத் தொடங்கியது அப்போதுதான். சத்தமாகப் பேசி, சத்தமாகச் சிரித்தவளின் அழுகை அந்தப் பொட்டல் முழுக்கப் போனது. செல்லக்கனி மண்ணில் உட்கார்ந்து அவளை இழுத்து, ஈர முகத்தோடு ஈர முகத்தை வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

நிலம் சத்தமில்லாமல் வந்தது. அறையும் உடைமரமும் பின்னாலிருந்து வந்தன, முன்கூடம் முன்னாலிருந்து வந்தது. வீடுகள் வந்து ஒன்றுக்குள் ஒன்று போய் ஒன்றுமில்லாமல் ஆயின. வற்றல் பாய்கள் சுருண்டன. செம்மண் சிமெண்டானது. வானத்தை ஓடு மூடியது. நாற்பது குடும்பமும், அவர்களுடைய சட்டிபானையும் ஆடுகளும் பிள்ளையாரும் பொன்னுலிங்கத்தின் டீ பாய்லரும், இழவுக்கு வந்திருந்த சனத்தோடு சேர்ந்து, தங்கப்பழத்தின் வீட்டுக்குள் மூச்சுவிட இடமின்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் பெஞ்சில் தங்கப்பழம் கிடந்தான்.

பிரம்மசக்தி எழுந்து அவனிடம் போனாள். எல்லோரும் விலகப் பார்த்தார்கள். விலக இடமில்லை. அவள் தோள் அவர்களுடைய தோளில் உரசியது, அவள் கை அவர்களுடைய கையில் பட்டது, அவள் கண்ணீர் யார் யாருடைய சட்டையிலோ தெறித்தது. கண்ணை மூடிக்கொண்டவர்கள் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பொன்னுலிங்கம் மட்டும், அவள் பெஞ்சுக்குப் போக வழி இல்லாததைக் கண்டு, ஓர் ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

அவள் புருஷனின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். மஞ்சள் பாய்ந்த முகம், கன்னம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்றால், அவனுடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு புதிதாக இருந்தது, அது எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை விரலால் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். தூக்க வேண்டியவர்கள் காத்து நின்றார்கள்.

எல்லாம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். இடம் போனவர்கள் சட்டிபானையை எடுத்துக்கொண்டு, யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல், சொந்தக்காரர்கள் வீடுகளுக்குப் பிரிந்து போனார்கள். அடுத்த வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து, வாசலில் ஒரு கணம் தயங்கி, பிறகு உள்ளே வந்து பிரம்மசக்தியின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். செல்லக்கனி கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். மாலை வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது.

சுடர்க்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நல்ல உயரம்தான். ரெட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது. பிரம்மசக்தி எதிரில் உட்கார்ந்தாள். அந்தச் சடையைப் பின்னிவிடக் கை எழுந்தது. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"ம். நீங்க சாப்பிட்டியளா?"

அடுத்த வீட்டுக்காரர்களிடம் பேசுவது போல, வழியில் பார்க்கிற டீச்சரிடம் பேசுவது போல, பிள்ளை அவளை நீங்க என்றாள். நன்றாக வளர்த்திருக்கிறாள் மதினி, மரியாதை தெரிந்த பிள்ளை என்று பிரம்மசக்தி நினைத்தாள்.

"சாப்பிடணும்மா. பெறகு சாப்பிடுதேன்."

பிள்ளை தரையைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீங்க அங்க போயிருவியளா?"

பிரம்மசக்தி திரும்பிப் பார்த்தாள். கடைசி அறையின் கதவு நாலு எட்டில் இருந்தது.

"அங்கன்னு ஒரு எடம் இப்ப இல்லம்மா" என்றாள்.

பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். அருகில் வரவில்லை, எழுந்தும் போகவில்லை. நடுவிலிருந்த தரை நீளவில்லை. குறையவும் இல்லை. பிரம்மசக்தி அதைப் பார்த்தபடி, பொறுமையாக, எதிரில் உட்கார்ந்திருந்தாள்.